தரையில் நிற்கிற வேலை

பதவி உயர்வுக் கடிதம் வந்த அன்று
கிளார்க் பிள்ளை சிரித்துச் சொன்னாள்:
"அண்ணை, இனி நீங்கள் ஏறத் தேவையில்லை."

பதினாலு வருசம் ஏறினவன்.
சனம் திரும்பி வந்த காலம்
மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம்
மிதிவெடிப் பலகைக்கு இந்தப் பக்கம் மட்டும் கால் வைத்து
கம்பம் நட்டோம், கம்பி இழுத்தோம்.
எதில் குளவி கட்டும்
எது மத்தியானத்தில் கையைச் சுடும்
எதன் உச்சியில் நின்றால்
குளம் ஒரு தகரத் துண்டாய் மினுங்கும்
எல்லாம் உள்ளங்காலுக்குத் தெரியும்.
உயர்வு என்று எழுதி
தரையில் இறக்கிவிட்டார்கள்.

இடுப்பு வாரை யதுர்சனிடம் கொடுத்தேன்.
மூன்று ஓட்டை உள்ளே தள்ளிப் பூட்டினான்.
நாற்பத்திமூன்று வயது எனக்கு
அந்த மூன்று ஓட்டையில்தான் தெரிந்தது.

முதல் மாதம் முழுக்கக் கத்தினேன்.
இடது கை, டேய், இடது கை.
குறட்டை மற்றப் பக்கம் பிடி.
அவன் மேலே இருந்தான்
நானும் மேலேதான் இருந்தேன்,
சப்பாத்துக்குள் பெருவிரல் மடங்கி
இல்லாத கம்பத்தைப் பிடித்துக்கொண்டு.
செபமாலை பீடியை எறிந்துவிட்டு
"ஒருத்தனுக்கு ரெண்டு பேர் ஏறினா
கம்பம் முறியும்" என்றான்.
எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை.

கார்த்திகைக் காற்றில் ஒரு இரவு
பாலை மரம் கொப்போடு விழுந்து
லைனைத் தரைக்கு இழுத்திருந்தது.
கோழிப்பண்ணைக்காரர் பதினொரு தரம் எடுத்தார்,
குஞ்சுகள் விறைக்குதாம்.
பன்னிரண்டாம் தரம் அவருடைய மனைவி.
ட்ரான்ஸ்ஃபோமரில் ஃபியூஸ் கழற்றியாயிற்று,
நானே கழற்றினேன்,
என் காற்சட்டைப் பையில்தான் கிடந்தது.
"லைன் ஓஃப். ஏறு" என்றேன்.

யதுர்சன் ஏறவில்லை.
ஏணியில் ஒரு கை வைத்தபடி
வயலுக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.
"அண்ணை, மில்லில வெளிச்சம் தெரியுது."

ஊரே இருட்டு.
மழைக்குள் ஒரேயொரு மஞ்சள் புள்ளி.

பதினாலு வருசமும் தொண்டைக்கு வந்தது.
நீ பள்ளிக்கூடம் போன காலம் நான்
என்று தொடங்கும் ஒரு வசனம்
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
ஹெல்மெட் விளிம்பால் தண்ணீர் ஒழுகியது.
செபமாலையும் லோகிதனும்
மில்லைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்கள்.

"நில்.
டெஸ்டரை எடு."

நீட்டுத் தடியை நானே உயர்த்தினேன்.
கம்பியில் முட்டியதும்
ஆட்காட்டிக் குருவி மாதிரிக் கத்தியது.

மில்காரன் ஜெனரேட்டர் போட்டிருக்கிறான்,
மெயினை நிப்பாட்டாமல்.
அவன் வீட்டுக் கரண்ட்
எங்கள் செத்த லைனுக்குள் வந்து
உயிரோடு படுத்திருந்தது.

லோகிதன் மோட்டார் சைக்கிளை உதைத்து
சேற்றுக்குள்ளால் போனான்.
மூன்று பேர் நின்றோம், ஒருவரும் பேசவில்லை.
ஏணி சரிந்து நின்ற இடத்தில்
ஒரு தவளை கத்தத் தொடங்கிற்று.
"பிழை என்னுடையது" என்றேன்.
மழையில் கேட்டிருக்காது என்று நினைத்து
திரும்பவும் சொன்னேன்.
"முதலே கேட்டது" என்றான் செபமாலை.

பிறகு எர்த் போட்டோம்.
பிறகு அவன் ஏறினான்.
நான் சும்மா நின்றேன்.
சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று
சம்பளச் சீட்டில் எங்கும் போடவில்லை.

விடிய நாலரைக்கு வெளிச்சம் வந்தது.
குஞ்சுகள் அரைவாசி தப்பினதாம்.
லாம்பு வெளிச்சத்தில் தேத்தண்ணீர் தந்த கடைக்காரி
பல்ப் எரிந்ததும்
காசு வாங்க மறந்துபோனாள்.

பதிவுப் புத்தகத்தில் எழுதினேன்:
சோதிக்காமல் ஏறச் சொன்னது நான்.
தடுத்தது யதுர்சன்.
இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்,
"இந்தப் பக்கத்தை மாத்தி எழுதலாமே, என்ன அவசரம்?"
"இருக்கட்டும் சேர்."
மை தடவிப் போயிருந்தது, ஈரக் கை.

இப்போது ஏறுவதற்கு முன்
ஆரும் கேட்கலாம், எதையும்.
சில நாள் லோகிதன்
வேண்டுமென்றே மூன்று கேள்வி கேட்பான்.
பொறுமையாய்ப் பதில் சொல்கிறேன்,
அனேகமாய்.

இன்றைக்கும் அவன் ஏறும்போது
சப்பாத்துக்குள் பெருவிரல் மடங்கத்தான் செய்கிறது.
வாய்தான்
கொஞ்சம் பழகியிருக்கிறது.